நாச்சி சாக வேண்டும்

மூன்று வருஷம் போராடி ஆவுடைச்செல்வி ஒரு சாவைத் தடுத்திருந்தாள். அதைக் கண்ணால் பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குத் திருநெல்வேலித் தியேட்டர் ஒன்றில் ஐந்நூறு பேர் கூடியிருந்தார்கள்.

செத்தவள் நிஜ மனுஷி இல்லை. ‘வியாழன் வாசல்’ படத்தில் வரும் நாச்சி. வியாழனின் நிலா ஒன்றில் இருந்த குடியிருப்பு உடைந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டிய கப்பலுக்கு நாச்சிதான் கேப்டன். கடைசி நேரத்தில் கப்பலின் பெரிய கதவு உள்ளேயிருந்து பூட்ட மறுக்கிறது. அவள் வெளியே இறங்குகிறாள். கதவைத் தள்ளிச் சாத்துகிறாள். கொண்டியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸில் சொல்கிறாள்: “பூட்டியாச்சு. கெளம்புங்க.” கப்பல் போய்விடுகிறது.

படம் வந்த அன்று ஆவுடை அழுதாள். மறுநாள் அந்த அழுகை கோபமாக மாறியது. பாளையங்கோட்டையில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் அவளுக்கு வேலை. மெஷின் சுற்றும் நாலு மணி நேரமும் நோயாளிகளிடம் இதையே பேசிக்கொண்டிருந்தாள். அந்த வாரமே போனில் பலர் சேர்ந்து பேசும் ஆடியோ ரூம் ஒன்றைத் தொடங்கி, மைக்கைப் பிடித்துக் கேட்டாள்: “விண்வெளிப் படம் யாரு எடுத்தாலும், நம்ம நெறத்துல ஒரு பொம்பள இருந்தா, மத்தவங்களக் காப்பாத்திட்டு அவதான் சாவணுமா? இது என்ன சட்டம்?” அன்று கேட்டது ஒன்பது பேர். மூன்றாம் வருஷம் நாற்பது லட்சம் பேர்.

பிடிக்காத முடிவைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போன ரசிகர்களின் காலம் முடிந்திருந்தது. இப்போது வருவதெல்லாம் வளர்படம். பதிவு செய்த ரசிகர்கள் ஓட்டுப் போட்டால் படம் மாறும். பாட்டு வேண்டாம் என்றால் பாட்டு போகும். செத்தவர் வேண்டும் என்றால் செத்தவர் எழுந்து வருவார். நீள்வான் பிக்சர்ஸ் நடத்திய வாக்கெடுப்பில் ஆவுடையின் ஆட்கள் ஜெயித்திருந்தார்கள்.

அந்தக் காலைக் காட்சியில் மாற்றிய முடிவை மட்டும்தான் போட்டார்கள்; முழுப் படம் மதியம். திரையில் கதவு சாத்தியாகிவிட்டது. தலைக்கவசத்துக்குள் முகம் தெரியாத நாச்சி இரண்டு தடவை கொண்டியை இழுத்தாள். மேலேயிருந்து ஒரு கயிறு இறங்கியது. அவள் அதைப் பிடித்தாள். விசில் காதைக் கிழித்தது. பக்கத்தில் இருந்தவள் ஆவுடையைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கப்பலுக்குள் விழுந்த நாச்சி முட்டியிட்டு எழுந்து, தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

அது வேறு முகம்.

இருபத்து நாலு வயசு இருக்கும். வெள்ளைத் தோல், சின்ன மூக்கு. வியர்வைகூட அளந்து வைத்தாற்போல நெற்றியில் நின்றது. விசில் பாதியில் அறுந்தது. அப்புறம் பின்வரிசையில் யாரோ தனியாகக் கை தட்டினார்கள். “இப்பத்தான்டே கேப்டன் மாதிரி இருக்கா!” என்று ஒரு குரல் கேட்டது.

ஆவுடை வெளியே வந்து, தியேட்டர் வாசலில் வெயிலில் நின்றபடியே நிருபமாவைக் கூப்பிட்டாள். நிருபமா நீள்வான் பிக்சர்ஸில் ரசிகர்களோடு பேசுவதற்கென்றே இருந்த அதிகாரி. சென்னைக்காரி.

“வாழ்த்துகள் ஆவுடை! பாத்துட்டீங்களா?”

“யாரு அந்தப் பொண்ணு?”

“நாச்சி.”

“சகாயராணி அக்கா எங்க?”

“நீங்க ஓட்டுச்சீட்டோட ரெண்டாவது வரியப் படிக்கலையா? ‘உயிர் தொடரும், தோற்றம் அடுத்த பாகங்களுக்கு ஏற்ப அமையும்.’”

ஆவுடை அந்த வரியைப் படித்திருந்தாள். தலைமுடியையோ உடுப்பையோ சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

“இங்க பாருங்க,” என்றாள் நிருபமா, பொறுமையாக. “நாச்சி வாழணும்னு கேட்டவங்க ஒரு கூட்டம். நாச்சிக்கு அந்த நடிகை பொருந்தலைன்னு கேட்டவங்க இன்னொரு கூட்டம். தனித்தனியா வச்சா ரெண்டும் தோத்திருக்கும். சேத்து ஒரே கேள்வியா வச்சோம். ஜெயிச்சிடுச்சு. எல்லாருக்கும் பாதி சந்தோஷம். நாப்பத்தாறு வயசு நடிகைய வச்சுக்கிட்டு இன்னும் அஞ்சு பாகம் எப்படி எடுக்கறது, சொல்லுங்க?”

“பழைய படத்த எங்க பாக்கலாம்?”

“பழைய படம்னு ஒண்ணு கிடையாது. படம் ஒண்ணுதான். உங்க போன்ல இருக்கிற துண்டும் எங்க சர்வர்லேருந்துதான் வருது. அது வளருது, அவ்வளவுதான்.”

ஆவுடை போனை வைத்துவிட்டு, மூன்று வருஷமாகத் தன் ரூமின் முகப்பில் வைத்திருந்த வீடியோவைத் திறந்தாள். எட்டே விநாடி. தலைக்கவசம் மாட்டுவதற்கு முன் கதவில் கை வைத்து நிற்கும் நாச்சி. அதிலும் அந்தச் சின்ன மூக்குக்காரிதான் நின்றாள்.

*

சகாயராணி தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். படத்துக்கு முன்னாலும் அதுதான் வேலை, பின்னாலும் அதுதான். படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்த இயக்குநர் ஞானவேந்தன், நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அவள் வயர்லெஸ்ஸில் பேசுவதைக் கேட்டிருக்கிறார். கப்பலில் இருந்தவர்கள் ஆளாளுக்குக் கத்த, இவள் மட்டும் குரலை உயர்த்தாமல் ஒவ்வொரு பெட்டியாக இறக்கினாளாம். “எனக்குக் கேப்டன் கிடைச்சாச்சு” என்று அங்கேயே சொல்லிவிட்டார். படம் வந்து இரண்டாம் வருஷம் அவர் இறந்துபோனார். இருந்திருந்தால் கேட்க ஒரு ஆளாவது இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டது. வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஆவுடை காத்திருந்தாள். சகாயராணி மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி சாலையைத் தாண்டி வந்தாள். எட்டு மணி நேரம் வெயிலில் காய்ந்த முகம். ஆவுடைக்கு மனப்பாடமான முகம்.

“யாரும்மா நீங்க?”

“ஆவுடைச்செல்விக்கா. பாளையங்கோட்டைல இருந்து வாறேன். ‘நாச்சி வாழணும்’னு ரூம் நடத்துனது…”

“ஓ.” சகாயராணி பெஞ்சில் உட்கார்ந்தாள். “என்னயக் காப்பாத்துன புள்ளயா.”

அதில் கிண்டல் இல்லை. அதுதான் ஆவுடைக்கு உறைத்தது.

“நேத்து எங்கூட வேல பாக்குறவரு மக வந்திருந்தா,” என்றாள் சகாயராணி. “எட்டு வயசு. இவங்கதான் நாச்சின்னு அவ அப்பா சொன்னாரு. அது என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு, ‘ஆன்ட்டி பொய் சொல்லுதாங்க’ன்னுட்டு. சரின்னு என் போன எடுத்தேன். படம் எடுத்த அன்னைக்கு ஞானவேந்தன் சார் எனக்குன்னு அனுப்பி வச்ச வீடியோ. அதுல நான் இல்ல. அந்தப் புதுப் புள்ள நின்னு சிரிக்கா. நான் என்ன சொல்ல?”

“என்னய மன்னிச்சிருங்கக்கா. நீங்க சாவக் கூடாதுன்னுதான்…”

“உன்னய யாரு கேட்டா?”

டீ போடுகிறவர் திரும்பிப் பார்த்தார். சகாயராணி குரலை உயர்த்தவே இல்லை.

“நான் நல்லாத்தான செத்தேன்? அதுல என்ன குத்தம் கண்ட?”

ஆவுடைக்கும் சுருக்கென்றது. “குத்தம் உங்க மேல இல்லக்கா. எல்லாப் படத்துலயும் இதத்தான பண்ணுதாங்க? நம்மள மாதிரி ஆளுகள உள்ள விடுறதே சாவுறதுக்குத்தான். நாம செத்தாத்தான் அவங்க கண்ணுல தண்ணி வருது. அத எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டிருக்க?”

“அது உள்ளதுதான்,” என்றாள் சகாயராணி. கொஞ்ச நேரம் டீயை ஆற்றினாள். “அவங்க என்னய வெளிய தள்ளிவிட்டுக் கதவச் சாத்தியிருந்தா, நீ கேட்டதுல நூத்துக்கு நூறு நியாயம் இருக்கு. சாத்துனது யாரு? நானு. எறங்கு எறங்குன்னு ஒருத்தனும் சொல்லல. அந்த ஒரு நிமிசம் அந்தக் கப்பல்ல எல்லாருக்கும் மேல இருந்தது நான்தான். கறுப்பா ஒருத்தி செத்துட்டான்னு நீ பாத்த. முந்நூத்திப் பன்னெண்டு உசுரு என் கையில இருந்துச்சு. அத நீ பாக்கவே இல்ல.”

மூன்று வருஷமாகப் பேசிப் பேசித் தீட்டிய வாதம் எல்லாம் ஆவுடையின் நாக்கில் இருந்தது. அதை விட்டுவிட்டு இதைக் கேட்டாள்.

“இப்ப என்னக்கா செய்யணும்?”

“கயித்தப் புடிச்சு மேல ஏறுனது நான் இல்ல. எனக்கு அந்தக் கயிறு வேண்டாம்.” சகாயராணி எழுந்து ஹெல்மெட்டைத் தட்டித் தூசி போக்கினாள். “என் சாவு எனக்கு வேணும். வாங்கிக் குடு.”

*

அடுத்த ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஆவுடை ரூமைத் திறந்தபோது ஆறு லட்சம் பேர் உள்ளே இருந்தார்கள். வெற்றி விழா என்று நினைத்து வந்தவர்கள் பாதிப் பேர்.

“நாச்சி சாகணும்,” என்றாள் ஆவுடை.

முதலில் சிரித்தார்கள். அவள் சகாயராணியைப் பார்த்து வந்ததைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மைக் கேட்டு ஆயிரம் கைகள் உயர்ந்தன. சேலத்திலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே கேட்டாள்: “மூணு வருஷம் உங்க பின்னாடி வந்தோம்க்கா. காலேஜ் பரீட்சையக்கூட விட்டுட்டு ஓட்டுச் சேத்தேன். இப்ப சாகணும்னு சொன்னா நாங்க என்ன பைத்தியமா?” இன்னொருவன் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டான்: “துரோகி.” வேறொருத்தி நிதானமாகக் கேட்டாள்: “முகம் மாறினா என்ன? நாச்சி உயிரோட இருக்கா. நமக்கு நாச்சிதானே முக்கியம்?”

“அந்த முகம் இல்லாம நாச்சி ஏது?” என்றாள் ஆவுடை. “கொண்டிய ரெண்டு தடவ இழுத்துப் பாத்தாளே, அது கதையில எழுதினதா? கிரேன்ல வேல பாத்த கை அது. புதுப் பொண்ணு அதே மாதிரி இழுக்கா. ஏன் இழுக்கான்னு அவளுக்குத் தெரியுமா?”

அப்போது அரவாழியின் கை உயர்ந்தது. ரூமே அடங்கியது.

அரவாழி மதுரைக்காரர். ஐம்பது வயசு. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர். சகாயராணி கேப்டன் வேஷத்துக்குப் பொருந்தவில்லை என்று மூன்று வருஷமாக விடாமல் பேசியவர் அவர்தான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் ஆவுடை அவரோடு தொண்டை கட்டக் கத்தியிருக்கிறாள்.

“வாங்க சார்,” என்றாள் கசப்போடு. “நீங்க கேட்டது கெடச்சிருச்சே. சந்தோஷமா?”

“இல்லங்க.”

“ஏன்? மூக்கு இன்னும் கொஞ்சம் சின்னதா இருக்கணுமோ?”

“நான் மூக்கப் பத்தி என்னைக்குங்க பேசினேன்?” அரவாழிக்கும் குரல் ஏறியது. “நெறத்தப் பத்தி ஒரு வார்த்த பேசியிருந்தா காட்டுங்க. அப்படிப் பேசுனவய்ங்க என் பின்னாடி நின்னாய்ங்க, உண்மைதான். வெரட்டியிருக்கணும், வெரட்டல. அது என் தப்பு. நான் சொன்னது வேற. இருபது வருசம் விண்வெளில இருந்தவ நடை அப்படி இருக்காது. துறைமுகத்துல நடக்குற மாதிரி நடக்குறாங்க அந்தம்மா. இப்பவும் சொல்றேன், அது தப்பான தேர்வு. செத்தாலும் சொல்வேன்.”

“அப்புறம் என்ன வேணும் உங்களுக்கு?”

அரவாழியின் பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்துப் போனது.

“போன ஞாயித்துக்கெழம படத்தப் பாத்தேன்,” என்றார். “எல்லாம் சரியா இருக்கு. நடை சரி, முகம் சரி. பாத்து முடிச்சேன். மறந்துட்டேன். ஒரு வாரமா அதப் பத்தி ஒரு வார்த்த பேசத் தோணல எனக்கு. அந்தம்மாவத் திட்டித் திட்டியே எழுபது தடவ பாத்திருக்கேன் அந்தப் படத்த. புரியுதாங்க? நான் சண்டை போடத்தான் வந்தேன். ஜெயிக்க வரல.”

ஆவுடை அவருடைய போன் எண்ணைக் கேட்டாள்.

*

இந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. பத்தே நாளில் நிருபமா நேரில் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டாள். டயாலிசிஸ் மையத்தின் வெளித் திண்ணைப் பெஞ்சில் உட்கார்ந்து, கையிலிருந்த டேப்லெட்டை ஆவுடையிடம் நீட்டினாள்.

“நீங்க ஜெயிச்சிட்டீங்க ஆவுடை. புது வாக்கெடுப்பு. ஒண்ணு, பழைய முகம். ரெண்டு, புது முகம். மூணாவதும் ஒரு முகம் வச்சிருக்கோம், சும்மா. உங்க ஆளுங்க எல்லாரும் ஒண்ணுல அழுத்தினா சகாயராணி மேடம் திரும்ப வந்துடுவாங்க. அஞ்சு பாகமும் அவங்களே. வயசக் கொஞ்சம் கொறைச்சுக்கலாம்.”

“சாவு?”

“அது எந்த வாய்ப்பிலயும் கிடையாது. செத்தவங்கள வச்சு அடுத்த பாகம் எப்படி எடுக்க முடியும்?”

ஆவுடை அங்கிருந்தே சகாயராணியைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள். நிருபமா எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். கிரேன் கூண்டில் இருந்திருக்க வேண்டும்.

“ஓட்டுப் போட்டு என்னய உள்ள கொண்டுவருவீங்க,” என்றாள் சகாயராணி. “நாளைக்கு ஓட்டுப் போட்டு வெளிய எடுப்பீங்க. அப்புறம் இன்னொரு ஓட்டு. நான் என்ன ஜன்னல் துணியா? வேண்டாம்.”

“மேடம், இது பெரிய வாய்ப்பு…”

“பெட்டி தொங்கிக்கிட்டு நிக்கி. வைக்கேன்.”

நிருபமாவின் முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. “அவங்க வேண்டாம்னாலும் வாக்கெடுப்பு நடக்கும்,” என்றாள். “பழைய ஒப்பந்தத்துல அவங்க முகம் எங்ககிட்ட இருக்கு. திங்கக்கிழமை தொடங்குது. ஏழு நாள்.”

அன்று சாயங்காலம் அரவாழி கூப்பிட்டார். “நான் பத்திரம் எழுதுறவன்,” என்று ஆரம்பித்தார். “நாலு நாளா அவங்க விதிமுறையப் படிச்சுக்கிட்டிருக்கேன். நூத்திப் பத்துப் பக்கம். எழுபத்தெட்டாம் பக்கத்துல ஒரு விதி இருக்கு. பதிவு செஞ்ச ரசிகர்கள்ல நாலுல ஒரு பங்காவது ஓட்டுப் போடணும். போடலைன்னா, அந்தப் படத்து மேல யாருக்கும் அக்கறை இல்லைன்னு அர்த்தமாம். வளர்க்குறத நிறுத்திருவாய்ங்க. இயக்குநர் மொதல்ல ஒப்படைச்ச மூலப்பிரதிய மட்டும் போட்டு, பூட்டிருவாய்ங்க. அதுக்கப்புறம் அடுத்த பாகம் கெடையாது, திருத்தம் கெடையாது. கம்பெனியே நெனச்சாலும் தொட முடியாது.”

ஆவுடை கணக்குப் போட்டாள். பதிவு செய்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சம் பேர். ஓட்டு முப்பது லட்சத்தைத் தொடாமல் இருக்க வேண்டும்.

“சார், ரசிகன் வாயப் பொத்திக்கிட்டு இருப்பானா?”

“அதான் பயமா இருக்கு,” என்றார் அரவாழி.

அந்த ஏழு நாள் ஆவுடை வாழ்நாளில் செய்யாத வேலையைச் செய்தாள். கருத்துச் சொல்லாதீர்கள் என்று ஊர் ஊராகக் கெஞ்சினாள். தன் ரூமில் நாற்பது லட்சம் பேரிடமும் சொன்னாள். அரவாழி தன் ஆட்களிடம் சொன்னார். “பழைய முகத்துக்குப் போட்டாலும் அது அவங்களுக்குப் போட்ட ஓட்டுத்தான். புது முகத்துக்குப் போட்டாலும் அவங்களுக்குத்தான். விரல மடக்குங்க.” சிலர் திட்டினார்கள். சகாயராணியை உயிராக நேசித்த ஒருத்தி, “என்னால முடியலக்கா, அவங்க பேரப் பாத்ததும் கை தானா அழுத்திருச்சு” என்று விம்மினாள். சேலத்துப் பெண் வேறொன்று கேட்டாள்: “நாம ஓட்டே போடலைன்னா, அவங்க மறுபடி சாவாங்க. அதுக்கு நான் காரணம் ஆகணுமா?”

“நீ காரணம் இல்ல,” என்றாள் ஆவுடை. “அவங்கதான் கதவச் சாத்துறாங்க. நாம கைய எடுக்கணும், அவ்வளவுதான்.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கே தெரிந்தது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து எந்த ஆப்பைத் திறந்தாலும் வாக்கெடுப்பு வந்து நின்றது. பஸ் டிக்கெட் எடுத்தாலும் வந்தது. ஓட்டுப் போட்டால் படப்பிடிப்பைப் பார்க்கலாம் என்றார்கள். எண்ணிக்கை பதினெட்டு லட்சம், இருபத்திரண்டு, இருபத்தாறு என்று ஏறியது. ஆவுடை ஒரு நோயாளியின் மெஷினை மாட்டிவிட்டுப் போனைப் பார்ப்பாள். அடுத்தவருக்கு மாட்டிவிட்டு மறுபடி பார்ப்பாள். கடைசி நாள் மதியம் இருபத்தொன்பது லட்சத்தைத் தாண்டியது. எட்டாம் எண் படுக்கையில் வழக்கமாக வரும் ஆசிரியர், “என்னம்மா, கண்ணு போன்லயே இருக்கு, எனக்கு ஊசி சரியாப் போடுவியா?” என்று கேட்டார். போனை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு ஊசியைச் சரியாகப் போட்டாள்.

மாலை ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்தது. இருபத்தொன்பது லட்சத்து எண்பத்தேழாயிரம்.

நாற்பது லட்சம் பேர் இருந்த ரூமில் யாரும் கூச்சல் போடவில்லை. மைக்கை எல்லாம் அணைத்துவிட்டு, எல்லோரும் சும்மா இருந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், ஒரு வார்த்தை பேசாமல், மூன்று நிமிஷம்.

*

அடுத்த சனிக்கிழமை நண்பகலில் மூலப்பிரதி வந்தது. சகாயராணி தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மதுரையிலிருந்து அரவாழியும் பஸ் ஏறி வந்திருந்தார். கையில் வாழைப்பழச் சீப்போடு வாசலில் கூச்சப்பட்டு நின்ற அவரைப் பார்த்துச் சகாயராணி, “நீங்கதான் என் நடையத் திட்டுனவரா? உள்ள வாங்க” என்றாள்.

“வணக்கம்மா. இப்பவும்…”

“இப்பவும் திட்டுவீங்க. தெரியும். மொதல்ல சாப்புடுங்க.”

மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு மூவரும் சுவரில் மாட்டிய சின்னத் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். சகாயராணி முகம் திரையில் வந்ததும் ஆவுடை வாய்விட்டு அழுதாள். அரவாழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் கதவு வந்தது. நாச்சி இறங்கினாள். தள்ளிச் சாத்தினாள். கொண்டியை இரண்டு தடவை இழுத்தாள். “பூட்டியாச்சு. கெளம்புங்க.”

இங்கே படம் முடிய வேண்டும். முடியவில்லை.

கப்பலின் இன்ஜின் சூடேற நேரம் ஆகிறது. நாச்சி கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மூச்சுக்காற்று குறைகிறது. முதல் ஒரு நிமிஷம் அவள் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் திரும்பிக் கதவைத் தட்டுகிறாள். மெதுவாக. அப்புறம் பலமாக. அப்புறம் இரண்டு கையாலும். “தொறங்க,” என்கிறாள். “தொறங்கய்யா. நான் வந்துருதேன். யாராவது தொறங்க.” உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் வயர்லெஸ்ஸில் அதைக் கேட்கிறார்கள். ஒரு சின்னப் பெண் காதைப் பொத்திக்கொள்கிறாள். கதவின் பக்கம் போன ஒருவனை இன்னொருவன் இழுத்துப் பிடிக்கிறான். யாரும் திறக்கவில்லை. நாச்சி கத்திக் கத்திக் குரல் போய், கடைசியில் கையால் கொண்டியைப் பிடித்துக்கொள்கிறாள். அது திறந்துவிடாமல் பிடித்திருக்கிறாளா, திறக்கப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. கப்பல் கிளம்புகிறது.

நாலு நிமிஷம்.

“இது தியேட்டர்ல இல்லையேக்கா,” என்றாள் ஆவுடை.

“இல்ல. வெளியிடுறதுக்கு மொத நாளு வெட்டுனாங்க. வீரம் உள்ளவ கெஞ்சக் கூடாதாம். ஞானவேந்தன் சாரு சண்ட போட்டாரு. நடக்கல. மூலப்பிரதில வச்சிருக்கேன்னு என்கிட்ட மட்டும் சொன்னாரு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீ விரல மடக்கியிருப்பியா?”



அரவாழி எழுந்து அறைக்குள் நடந்தார். “இது தப்புங்க. நடை பரவால்ல, அத விடுங்க. ஆனா கேப்டன் ஒருத்தி இப்படி… இல்ல, இல்ல. உள்ள இருக்குறவங்க கடைசி வரைக்கும் இதக் கேட்டுக்கிட்டே வாழணுமா? இது அவங்களுக்குச் செய்யுற அநியாயம்.” அவர் முகத்தில் சண்டைக்கு விஷயம் கிடைத்த ஒரு வெளிச்சம்.

ஆவுடையின் போன் துடிக்க ஆரம்பித்தது. அந்த நாலு நிமிஷத்தை எடுத்துவிட வேண்டும் என்று ரூமில் அதற்குள் முப்பதாயிரம் பேர் எழுதியிருந்தார்கள். எங்கள் நாச்சி கெஞ்ச மாட்டாள் என்றார்கள். வாக்கெடுப்பு எங்கே என்று கேட்டார்கள்.

சகாயராணி தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “உனக்கும் பிடிக்கலயாக்கும்?”

“பிடிக்கலக்கா,” என்றாள் ஆவுடை. பொய் சொல்ல மனம் வரவில்லை. “பாக்கவே முடியல. நீங்க அப்படிக் கூப்பிட்டும் ஒருத்தரும்… எனக்குப் பிடிக்கவே இல்ல.”

“நல்லது,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

ஆவுடை முகத்தைத் துடைத்துக்கொண்டு ரூமைத் திறந்தாள். உள்ளே எட்டு லட்சம் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லா மைக்கையும் அணைத்துவிட்டுத் தன்னுடையதை மட்டும் போட்டாள்.

“நான் ஆவுடைச்செல்வி பேசுதேன். அந்த நாலு நிமிசத்த இப்பத்தான் பாத்தேன். எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. ஏன் பிடிக்கலைன்னு ஒரு மணி நேரம் பேசப் போறேன். எங்கூட சண்ட போட ஆசப்படுறவங்க எல்லாரும் வாங்க. ஆனா அதுல கை வைக்கணும்னு ஒருத்தன் சொன்னாலும், அவன் இந்த ரூம்ல இருக்க மாட்டான்.”

அப்புறம், முதல் ஆளாகப் பேசச் சொல்லிப் போனை அரவாழியிடம் நீட்டினாள்.